மூன்றாம் தரத்தில் கூவிய சேவல்

ஞானசிகாமணி இந்தக் கதையை இருபத்தொன்பது வருஷமாக நம்பவில்லை. நம்பாததை அவர் ஒளித்ததும் இல்லை. தாழைமேட்டு லுத்தரன் கோயிலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அது அவங்க சொல்றது" என்று ஆரம்பித்து, முழுக்கதையையும் ஒரு வரி விடாமல் தானே சொல்லி முடித்துவிட்டு, "நான் நம்பல" என்று எழுந்து போவார். நம்பாததற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது. நெய்வேலியிலிருந்து புது மாப்பிள்ளையாக மாமியார் வீட்டுக்கு வந்த அந்த வருஷம், கொல்லையில் ஒரு சேவலைப் பார்த்தார். அது எல்லாச் சேவலையும் போல ஒரு சேவல். சில வாரம் கழித்துக் கோயில் கோபுரத்தின் உச்சியில் ஒரு பித்தளைச் சேவலைப் பார்த்தார். அதுவும் தூரத்தில் பளபளக்கும் எந்தப் பித்தளையையும் போலத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னவர் கோயில்பிள்ளை யோபு. யோபுவுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் ஞானசிகாமணியை இத்தனை வருஷமாக அரித்தது.

யோபு சொன்னது இது.

தாழைமேட்டில் அப்போது நாற்பத்தொரு லுத்தரன் குடும்பங்கள், ஒரு கோயில், ஒரு மணி, ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு போதகர், ஆறு வருஷமாக ரிப்பேரில் கிடந்த ஒரு ஆர்மோனியம். கோயிலைக் கட்டிய ஜெர்மன் துரை ஊர் திரும்பிய பிறகு, வைக்கோல் சுற்றிய மரப்பெட்டியில் ஒரு பித்தளைச் சேவலை அனுப்பிவைத்தாராம். ஆட்டுக்குட்டி உயரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முகம் திருப்பும் சேவல். 'கர்த்தரைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்தபோது ஒரு சேவல் கூவிற்று, அதை மறவாதிருங்கள்' என்று கூடவே ஒரு கடிதம். சபையார் சேவலைக் கோபுர உச்சியில் ஒரு கம்பியில் செருகி நிறுத்திவிட்டுப் பேதுருவை மறந்துபோனார்கள். நூற்றுப் பதினெட்டு வருஷம் அது அங்கே நின்று, கல்யாணங்களையும் அடக்கங்களையும் பொதுக்குழுச் சண்டைகளையும் பார்த்து, கீழே பாடிய எல்லா ஞானப்பாட்டுகளையும் ஆண்கள் பக்கம் எந்த அடியில் சுருதி இறங்கும் என்பது உட்பட மனப்பாடம் செய்து, வாயைத் திறக்காமல் இருந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகை அன்று அவரவர் வயலிலும் கொல்லையிலும் விளைந்ததைக் கொண்டுவந்து, பலிபீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதிக்கு உட்புறம் குவிப்பார்கள்: நெல், பூசணி, தேங்காய், வாழைத்தார், கால் கட்டிய கோழிகள். போதகர் ஜெபம் சொல்லி, சபை ஆமென் என்று சொல்லிவிட்டால், கிராதிக்கு உள்ளே இருப்பதெல்லாம் ஆண்டவருடையது. ஏலத்தில்தான் வெளியே வர வேண்டும். இதில் விலக்கே கிடையாது. முன்பொரு காலத்தில் ஒரு போதகர் தன் குடையைக் கிராதிக்குள் மறந்து வைத்துவிட்டு ஜெபம் சொல்லிவிட்டார். பிறகு தன் குடைக்குத் தானே ஏலம் கேட்டார், ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் அவரை முந்திவிட்டார். அன்று நனைந்துகொண்டே வீட்டுக்குப் போன போதகர் அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை என்று சபை இன்றும் பெருமையாகச் சொல்லும்.

யோபு அந்தச் சபையின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது, குழி வெட்டுவது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை கோபுரம் ஏறிச் சேவலை இறக்கித் துலக்குவது எல்லாம் அவர் வேலை. அதற்காகக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். அதில்தான் யோபு பிறந்தார், அதில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளும் பிறந்தார்கள், அதன் பின்கட்டில்தான் அவர் மனைவி கிருபாவதி ஊரிலேயே பெரிய கறிவேப்பிலை மரத்தை வளர்த்திருந்தாள்.

அந்த வருஷம் கோயிலுக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் யோபு சேவலை இறக்கி, பழம்புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, பொன்னாக்கி, விடிந்ததும் மேலே ஏற்றிவிடலாம் என்று பத்திரத்துக்காகப் பீடத்தடியில் வைத்தார். விடிந்ததும் அவருக்கு முன்பே வாழைத்தார்கள் வந்துவிட்டன. தார்களுக்குப் பின்னால் சேவல் மறைந்தது. மணிக்கும் தேநீர்க் கெட்டிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த யோபு அதை மறந்தார். போதகர் அருமைநாயகம் ஜெபம் சொன்னார். சபை ஆமென் என்றது.

ஏலம் போட்டவர் சபைச் செயலர் மார்ட்டின் செல்லப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தை விசில் ஊதித் தொடங்கி விசில் ஊதி முடிப்பவர். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று பண்டிகை நாட்களில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர். பூசணி போயிற்று, தேங்காய் போயிற்று, கோழிகள் போயின. கையில் அகப்பட்டதை அவர் தூக்கினார்.

"அடுத்தது நாட்டுச்சேவல்! தூக்கவே முடியல, பாத்துக்குங்க, அவ்வளவு கனம்! கேள்வி பத்து ரூபா!"

"பதினஞ்சு."

"இருவது."

"நாப்பது," என்றார் பரிபூரணம்.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பரிபூரணம் முப்பத்துமூன்று வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், சபையில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி முதல் அழுகையை அழவைத்தவர். அவர் கேட்ட பொருளுக்கு மேலே கேட்க யாருக்கும் வாய் வராது. மறுநாள் அவர் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வருவதும் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் யோபு கெட்டிலோடு உள்ளே வந்தார்.

"ஐயோ சார்! அது பித்தளை சார்! கோபுரத்துச் சேவல் சார்!"

சபை சிரித்தது.

"யோபு, வேணும்னா அம்பது கேளு, குறுக்கால பேசாத," என்றார் செல்லப்பா. "ஒரு தரம்!"

"கீழ பாருங்க சார், கால் இல்ல, கம்பி மொளைதான் இருக்கு!"

"ரெண்டு தரம்!"

"கர்த்தர் மேல சத்தியமா..."

"யோபு," என்றார் போதகர் வருத்தமாக. "இரண்டாம் கட்டளை. அவர் நாமத்தை வீணாக எடுக்காதே."

"மூணு தரம்!"

சேவல் கூவியது.

பெரிய கூவல் ஒன்றும் இல்லை. நூற்றுப் பதினெட்டு வருஷம் புழங்காத தொண்டை, கட்டிக்கொண்டு கரகரவென்று வந்தது. பிறகு உடம்பை ஒரு உதறு உதறியது, இறகுக்குள்ளிருந்து கொஞ்சம் புளிக்கோது உதிர்ந்தது, புதிதாகக் கிடைத்த இரண்டு கால்களால் செயலரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது, செயலர் "ஆத்தாடி!" என்றார். வேறு யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை, ஏனென்றால் ஏலத்தில் தூக்கிய சேவல் கூவுவது புதிதல்ல. ஆனால் மூன்று முறை சொன்னதும் கூவியது என்பது மட்டும் எங்கோ தைத்தது. அந்தக் கோயிலின் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பதினோரு பேர், தாங்கள் யாரை எப்போது தெரியாது என்று சொன்னோம் என மனசுக்குள் தேடிப் பார்த்தார்கள். பரிபூரணம் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சேவலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கோபுர உச்சி காலியாக இருப்பதை ஊரே பார்த்துவிட்ட பிறகு, திங்கட்கிழமை சாயங்காலம் சபைக் குழு கூடியது. செல்லப்பா விசில் ஊதினார். சேவலுக்கு உயிர் எப்படி வந்தது என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிரலில் இருந்தது ஒன்றே ஒன்று: நான்காம் ஞாயிறு பேராயர் வருகிறார், விழா மலரின் அட்டைப்படத்தில் கோபுரமும் சேவலும் இருக்கின்றன, மலர் ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது.

"பேராயர் படத்தப் பாப்பாரு, அப்புறம் கோபுரத்தப் பாப்பாரு. அப்ப மேல சேவல் இருக்கணும். இல்லன்னா யோபு அந்த வீட்டக் காலி பண்ணிரணும். குறிச்சுக்குங்க."

"சார், ஏலம் போட்டது நீங்கதானே?" என்றார் யோபு.

"ஏலம் போட்டது சபை. எடுத்து உள்ள வச்சது நீ."

கிருபாவதி அன்றே மூட்டை கட்ட ஆரம்பித்தாள். புருஷனைத் திட்டவில்லை. ஒரு கோணிச் சாக்கை எடுத்து, அதிகம் தேவைப்படாத இடியாப்ப உரலை முதலில் அதற்குள் போட்டாள். தினமும் ஒரு சாமான் என்று கணக்காகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இதற்கிடையில் ஊரில் புளி கிடைக்காமல் போயிற்று. புளி போட்டுத் தேய்த்ததால்தான் உயிர் வந்தது என்று யாரோ சொல்ல, பெண்கள் குடம், குத்துப்போணி, வெற்றிலைப் பெட்டி என்று பித்தளையாக இருந்ததையெல்லாம் தேய்த்துத் தேய்த்து வெயிலில் வைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊர் ஆர்.சி. காரர்கள் சைக்கிளில் வந்து, தேய்த்து மிச்சமான கோது ஒரு சிட்டிகை கிடைக்குமா, பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்று யோபுவிடம் கேட்டார்கள். போதகர் அருமைநாயகத்துக்கு இது பொறுக்கவில்லை. மனுஷன் நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் மட்டுமே ஆண்டவர் முன் நீதிமானாகிறான் என்பதற்காகத்தான் லுத்தரன் சபை என்று ஒரு சபையே இருக்கிறது. அவர் அடுத்தடுத்த ஞாயிறுகளில் புளிக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார்.

"அந்தச் சேவல் என்ன புண்ணியம் செய்தது? ஒன்றும் செய்யவில்லை! சும்மா நின்றது! அதற்குக் கிடைத்தது சுத்தக் கிருபை! புளி என்பது கிரியை!"

"அப்ப சாம்பல் போட்டுத் தேச்சா, ஐயா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சாம்பலும் கிரியைதான் அம்மா."

சேவல் இந்தப் பிரசங்கங்களை நேரில் கேட்டது. பரிபூரணம் ஞாயிறு தவறாமல் அதைக் கூட்டிவந்தார். ஜன்னல் விளிம்பில் காற்று வரும் திசையைப் பார்த்து அது உட்கார்ந்திருக்கும். பாட்டில் ஆண்கள் சுருதி இறங்குகிற அடியில் சரியாக ஒரு கூவல் போட்டுத் தூக்கிவிடும். பிரசங்கத்தின்போது கோயிலில் விழித்திருக்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று போதகருக்கே உள்ளூர ஒரு பிரியம் வந்துவிட்டது. சபையார் பெயரெல்லாம் எழுதிவைக்கும் டாப்பில் அதையும் சேர்க்கலாமா என்றுகூடக் கேட்டார்.

"ஞானஸ்நானம் இல்லாம எப்படி ஐயா சேக்கறது?" என்றார் செல்லப்பா.

"நூத்திப் பதினெட்டு வருஷம் மழையில நனைஞ்சிருக்கே."

"வெறும் தண்ணி ஞானஸ்நானம் ஆகாது, தண்ணியோட வார்த்தையும் சேரணும்னு எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்."

"வார்த்தையும் அது மேலேருந்து கேட்டுக்கிட்டுத்தானே செல்லப்பா இருந்துச்சு."

செயலர் விசில் ஊதிக் கூட்டத்தை முடித்தார்.

யோபு தினமும் சாயங்காலம் பரிபூரணத்தின் வாசலுக்குப் போனார்.

"குடுத்துருங்க நர்சம்மா."

"எதடா?"

"சேவல."

"ஏலத்துல எடுத்தது. மூணு தரம் சொல்லியாச்சு. சேவலே சாட்சி சொல்லியாச்சு."

"என் வீடு போயிரும் நர்சம்மா."

"நீ பொறந்தப்ப என்ன எடைன்னு தெரியுமா? மூணே கால் பவுண்டு. இது தங்காதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. போனியா நீ?"

"மாப்பிள்ளைக்குத்தானே எடுத்தீங்க? வேற நல்ல கோழியா நான் தரேன்."

மாப்பிள்ளைக்கு அந்தச் சேவலை அவர் அடிக்கவில்லை. அரிவாளைத் தீட்டி, வெந்நீரும் போட்டுவிட்டார். ஆனால் சேவல் தப்பி ஓடாமல், காற்றைப் பார்த்து, கொல்லை மண்ணில் மெதுவாகக் காலை மடித்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கை வரவில்லை. "நூத்திப் பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே இருந்திருக்கு. இப்பத்தான் உக்காந்திருக்கு. அதப் போய் வெட்டுவாங்களா?" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் நறுக்கினார். ஞானசிகாமணிக்கு அந்த விருந்தில் பதினொரு வேளை கத்திரிக்காய்ச் சாம்பார் கிடைத்தது. இந்த ஒரு தகவலை மட்டும் அவர் என்றைக்குமே சந்தேகித்ததில்லை.

மூன்றாம் வாரம் பரிபூரணம் இறங்கிவந்தார். "அது வரேன்னா கூட்டிட்டுப் போ. என்னக் கேக்காத, அதக் கேளு."

யோபு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோபுரம் ஏறினார். உச்சியில் கம்பிக்கு அடியில் ஒரு இரும்புத் தட்டு உண்டு, சேவல் முன்பு சுழன்ற தட்டு. அதில் வைத்தார். சேவல் நின்றது, சுற்றிப் பார்த்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது என்பதுபோல ஒரு கொக்கரிப்பு. யோபு நிம்மதியாக ஏணியில் இறங்கினார். கீழே வந்தால், ஏணியடியில் சேவல் அவருக்கு முன்பே நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் தரமும் அப்படி. மூன்றாம் தரம் ஏறும்போதே ஊர் வேலியோரம் கூடிவிட்டது.

"கட்டிப் போடுடா!" என்று கீழேயிருந்து கத்தினார் செல்லப்பா. "கொச்சக் கயிறு தரேன்!"

"வெயில்ல, உசுரோட, கட்டிப் போடவா சார்?"

"போன மாசம் வரைக்கும் அங்கதான இருந்துச்சு!"

"போன மாசம் வரைக்கும் அதுக்கு வலிக்கல சார்."

யோபு சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தார். கயிற்றை வாங்கவில்லை. அன்று கிருபாவதி சாக்குக்குள் அம்மிக் குழவியைப் போட்டாள்; இனி வெளியே மிச்சம் ஒரு சோற்றுப் பானையும் ஒரு கரண்டியும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பரிபூரணம் கோயில் வீட்டுக்கு வந்தார். சாக்கைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், யோபுவை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப உன் எடை என்னடா?"

"நாப்பத்தேழு கிலோ."

"போதும்."

கிறிஸ்துமஸ் நாடகத்தின் தேவதூதன் சிறகுகள் கோயில் பீரோவில் இருந்தன. நட்சத்திரம் ஒட்டி மிஞ்சிய தங்க ஜிகினாத் தாள் ஒரு கட்டு இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்புக் குல்லாவை மூன்றாகக் கிழித்துக் கொண்டை ஆக்கினார்கள். கிருபாவதி பசை காய்ச்சினாள். அளவு பார்க்கச் சேவலையே பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஒட்டுகிற ஒவ்வொரு இறகையும் அது தலை சாய்த்துப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் போதகர் வந்துவிட்டார்.

"இது... எட்டாம் கட்டளைக்கு விரோதம் இல்லையா? பொய்ச்சாட்சி?"

"ஐயா, அவன் யாருகிட்டயும் போய் நான் சேவல்னு சொல்லப் போறதில்ல," என்றார் பரிபூரணம். "நிக்கப் போறான். நிக்கிறது பொய்யா?"

போதகர் சிறகுகளை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். குருத்துவக் கல்லூரியில் இதற்குப் பாடம் வைக்கவில்லை. "கேட்டா மறைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, போகும்போது வால் பக்கம் பிய்ந்திருந்த ஜிகினாவை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு யோபு மேலே ஏறினார். இரும்புத் தட்டில் குந்தி உட்கார்ந்து, சிறகுக்கு அடியில் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அசையாமல் இருப்பது என்பதுதான் திட்டம். அந்தத் தட்டு துருப்பிடித்துக் கெட்டியாகிவிட்டது, சுழலாது என்று செயலரே பார்த்து உறுதி சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்குப் பேராயரின் கார் வந்தது. பேராயர் இறங்கி, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"சேவல் படத்துல இருக்கறதவிடப் பெருசா தெரியுதே?"

"தொலக்குனதுல கொஞ்சம் ஊதியிருக்குங்க ஐயா," என்றார் செல்லப்பா.

அப்போது வாடைக்காற்று நின்றது. இரண்டு நிமிஷம் இலை அசையவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து புதுக் காற்று ஒன்று வந்தது. கோபுர உச்சியில் பொன்னிறச் சேவல், ஒரு சத்தமும் இல்லாமல், மெதுவாக, முழுசாகக் கிழக்கே திரும்பியது.

"அடடா, எவ்வளவு லேசா திரும்புது!" என்றார் பேராயர். "நல்லா பராமரிக்கிறீங்க."

அது திட்டத்தில் இல்லை; கூட்டம் மொத்தமும் செயலரைத் திரும்பிப் பார்த்தது. கிருபாவதி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஆராதனை நான்கு மணி நேரம் நடந்தது. அத்தனை நேரமும் கோயில் முற்றத்து மணலில் சேவலின் நிழல் கிழக்கே திரும்பியது, தென்கிழக்கே திரும்பியது, மறுபடி கிழக்கே வந்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பரிபூரணத்தின் மடியில் சேலைத் தலைப்புக்குள்ளிருந்த சேவலும், ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. திருவிருந்துக்குக் கிராதி முன் முழங்கால் போட்டவர்கள், எழுந்திருக்கும்போது ஜன்னல் வழியே ஒருமுறை நிழலைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். போதகர் மட்டும் பார்க்கவில்லை. கிருபையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று அவர் அன்று நினைத்துக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னார்.

பேராயர் சாப்பிட்டுப் புறப்பட்டபோது, இவ்வளவு உண்மையுள்ள கோயில்பிள்ளையை இந்தச் சபை எந்நாளும் கைவிடக் கூடாது என்று செயலரின் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். கார் மறைந்ததும் யோபு இறங்கி வந்தார். ஒரு டம்ளர் தேநீர் கேட்டார். குடித்தார். கிருபாவதி சாக்கை அவிழ்த்து, போட்ட வரிசைக்கு எதிர் வரிசையில் ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துவைத்தாள்.

சித்திரையில் செல்லப்பா சத்தமில்லாமல் கும்பகோணத்தில் ஒரு புதுச் சேவல் வார்க்கச் சொல்லி மேலே ஏற்றினார். அது திரும்பும்போதெல்லாம் கிறீச்சிடும். பழைய சேவல் பரிபூரணத்தின் கொல்லையில் ஒன்பது வருஷம் இருந்து, ஒரு விசேஷமும் இல்லாத ஒரு புதன்கிழமை செத்தது.

போன மாதம் ஞானசிகாமணி தாழைமேட்டுக்குப் போனார். மாமியார் இப்போது இல்லை. யோபு இருந்தார், எழுபத்துமூன்று வயசு, அதே ஓட்டு வீடு, கறிவேப்பிலை மரத்தடியில் நாற்காலி. ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு, தன் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளையெல்லாம் தான்தான் எடுத்தோமா என்று உட்கார்ந்து சந்தேகப்படும் வயசு. சேவல் நிஜமாகவே பித்தளையா, நிஜமாகவே கூவிற்றா என்று இருபத்தொன்பது வருஷமாக யோபுவிடம் கேட்டு, ஆமாம் மாப்பிள்ளை, ஆமாம் மாப்பிள்ளை என்ற அதே பதிலை வாங்கிக்கொண்டு போனவர். பேராயர் வந்த அந்த ஞாயிறு, நீண்டுகொண்டே போன பிரசங்கத்திலிருந்து நழுவி முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து நின்றவர்களில் தானும் ஒருவன் என்பதை மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"யோபண்ணே," என்றார். "சேவலப் பத்தி இல்ல. அத விடுங்க."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"மேல நீங்க இருந்தப்ப, காத்து மாறுச்சுல்ல... அப்ப நீங்களா திரும்புனீங்களா, இல்ல, உங்கள அது திருப்புச்சா?"